கிரவுஸ் குஞ்சுகளும் உண்ணியும்: சண்முகத்துக்கு ஒரு கடிதம்

இன்வர்னெஸ், ஸ்காட்லாந்து

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. கூடலூருக்கே மாற்றல் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. அம்மாவை இனி நீயே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் நலம். செம்மறிகள் குட்டி ஈனும் காலம் முடிந்துவிட்டதால் எனக்கும் கொஞ்சம் ஓய்வு.

உங்கள் பக்கத்துக் காடுகளில் குரங்குக் காய்ச்சல் பற்றிய கவலை இன்னும் ஓயவில்லை என்று எழுதியிருந்தாய். 1957-இல் ஷிமோகா மாவட்டத்தில் குரங்குகளைக் கொன்று குவித்த அந்தக் கியாசனூர் வைரஸுக்கு நெருங்கிய உறவு ஒன்று இந்த மேட்டு நிலங்களில் இருக்கிறது. அது தரும் நோய்க்கு ‘லூப்பிங் இல்’ (louping ill) என்று பெயர். அதைப் பரப்புவதும் உண்ணிதான். செம்மறிக்கு வந்தால் காய்ச்சல், நடுக்கம், துள்ளித் துள்ளி விழும் நடை, பிறகு பக்கவாதம். செம்மறியில் நான் அடிக்கடி பார்ப்பதுதான். இப்போது என் மனதைப் பிடித்திருப்பது ரெட் கிரவுஸ் என்ற பறவை.

நம் கௌதாரியைவிடப் பெரிய, செம்பழுப்பு நிறப் பறவை. பிரிட்டனையும் அயர்லாந்தையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. ஹீதர் புதர்தான் அதற்கு வீடு, உணவு எல்லாம். ஆகஸ்ட் 12 அன்று வேட்டைப் பருவம் தொடங்கும். அதை நம்பிப் பெரிய பண்ணை நிலங்களே நடக்கின்றன. இந்த வைரஸை ஏற்றிச் சோதித்த கிரவுஸ்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு செத்துப்போயின. அதே வைரஸ் ஃபெசன்ட் கோழியை அவ்வளவாகத் தொடுவதில்லை.

குஞ்சுகளுக்கு நோய் எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பு. உண்ணி கடித்துத்தான் வரும் என்று கால்நடை மருத்துவத்தில் நாம் படித்தோம் இல்லையா? முதல் சில வாரங்கள் இந்தக் குஞ்சுகள் பூச்சிகளைத் தேடித் தின்று வளர்கின்றன. அப்போது உண்ணியையும் சேர்த்தே விழுங்கிவிடுகின்றன. முதல் பருவத்தில் ஏற்படும் தொற்றில் 73 முதல் 98 சதவீதம் வரை இப்படி வாய்வழியாக வந்திருக்கலாம் என்று 2004-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. எந்தப் பூச்சியைத் தின்று தேற வேண்டுமோ, அதைத் தேடும்போதே சாவையும் கொத்திக்கொள்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது.

அப்புறம் முயல் கதை. குளிர்காலத்தில் வெள்ளை நிறத்துக்கு மாறும் மலை முயல் இங்கே உண்டு. அதன் ரத்தத்தில் வைரஸ் பெரிதாகப் பெருகுவதில்லை. ஆனால் ஒரே முயலில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ரத்தம் குடிக்கும் உண்ணிகள், தங்களுக்குள் வைரஸைக் கைமாற்றிக்கொள்கின்றன. இது 1990-களில் தெரியவந்தது. மான்களே இல்லாத ஓரிடத்தில் முயலைக் குறைத்துப் பார்த்தபோது உண்ணியும் நோயும் குறைந்தன. அவ்வளவுதான், பல பண்ணைகளில் முயலைச் சுட்டுத் தள்ளினார்கள்.

ஆனால் அந்தப் பண்ணைகளில் பலவற்றில் செம்மான்கள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. மான் இந்த வைரஸைப் பெருக்குவதில்லை, ஆனால் உண்ணிக்கு வயிறார ரத்தம் கொடுக்கிறது. முயல் போனாலும் உண்ணி குறையாது. மான் இருக்கும் இடத்தில் முயலைக் கொல்வதால் கிரவுஸ் பெருகும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் தெளிவாகச் சொன்னார்கள். ஓரிடத்தில் பலித்ததை எல்லா மலைக்கும் பொருத்திப் பார்த்தது பெரிய அநியாயம் என்பேன். 2021 மார்ச் முதல் ஸ்காட்லாந்தில் உரிமம் இல்லாமல் மலை முயலைக் கொல்லக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

நம் தொழிலால் செய்யக்கூடியது செம்மறியில்தான் இருக்கிறது. கிரவுஸைத் தவிர வைரஸை உண்ணிக்குத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் பெருக்கும் முக்கியமான விலங்கு அதுதான். தடுப்பூசி போட்டு, முதுகில் உண்ணி மருந்து ஊற்றி மேயவிட்டால், மந்தையே புல்வெளி உண்ணிகளை வாரி எடுத்துக்கொள்ளும். ஏறுகிறவை மருந்தில் சாகும். சிரமம் என்னவென்றால், பழைய தடுப்பூசியின் தயாரிப்பு நின்று சில ஆண்டுகள் ஆகின்றன. எடின்பரோ அருகில் மோர்டன் ஆய்வு நிலையம் புதியது ஒன்றுக்காக உழைத்துவருகிறது. அது சீக்கிரம் வர வேண்டும். மருந்தை மட்டும் நம்பினால், ஒரு பருவத்தில் அதை ஊற்றத் தவறினாலே எல்லாம் வீணாகிவிடுகிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். செத்த குரங்கை விட்டு இறங்கும் உண்ணிகள் அந்த இடத்திலேயே மொய்க்கும் என்பார்களே, அங்கே தரையில் நடமாடும் காட்டுக்கோழி, மயில் இவற்றின் தலையில், காதோரத்தில் உண்ணிக் குஞ்சுகளை நீ பார்த்திருக்கிறாயா? காட்டுக்குள் மேயப் போகும் மாடுகளுக்கு எந்த மருந்து பயன்படுத்துகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை? விவரமாக எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்,
பாலு