கூரை போட வந்தவர்களுக்கும் மேசையைத் தூக்கி வந்தவர்களுக்கும்

இதை எழுத உட்கார்ந்திருப்பது எங்கள் தீவுத் தோட்டத்தில், எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற புதுச் சமையற்கூடத்து நீள மேசையில்தான். நான்கு கால்களில் ஒன்று மட்டும் வேறு மரம், மற்றவற்றைவிட அரை விரல் உயரம், அழுத்தி எழுதினால் ஆடுகிறது. இழைத்துச் சரிசெய்து தரட்டுமா என்று தச்சர் கேட்டார். இருக்கட்டும் என்று நாங்கள்தான் சொல்லிவிட்டோம்.

புயலில் பழைய கூரை போனது உங்களுக்குத் தெரியும். தகரம் மூன்று வயல் தாண்டிக் கிடந்தது. மேசை கரையில் மல்லாந்து பாதி மணலில் புதைந்திருந்தது. அதை விறகாக்காமல், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தோட்டம் வரை தூக்கி வந்த படகுக்கார அண்ணனுக்குத்தான் முதல் நன்றி.

அதன்பிறகு பத்து வாரம் அவரவர் அறையில் சமைத்து அங்கேயே சாப்பிட்டோம். என்ன பெரிய இழப்பு, நிம்மதியாகச் சாப்பிடலாமே என்று முதல் வாரம் நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டாவது வாரம் ஒரே பாத்திக்கு இரண்டு பேர் தண்ணீர் விட்டிருக்கிறோம், பக்கத்துப் பாத்தி காய்ந்து கிடக்கிறது. வேலை பிரிப்பது கரும்பலகையால்தான் நடக்கிறது என்று நம்பி, பலகையைக் கருவி அறை வாசலில் மாட்டினோம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அடுப்படியில் தட்டை வைத்துக்கொண்டு நிற்கும்போது காதில் விழுகிற பேச்சில்தான் இத்தனை நாளும் பாதி விவசாயம் ஓடியிருக்கிறது!

சரி, கட்டுமானத்துக்கு வருகிறேன். கடல் பக்கம் கெட்டியாக ஒரு சுவர் எழுப்பியே ஆகவேண்டும் என்று நாங்கள் ஒற்றைக் காலில் நின்றோம். எதிர்க்கரையிலிருந்து வந்த பொறியாளர் அம்மா சிரித்துவிட்டு, முழுச் சுவர் வைத்தால் காற்று அதைத் தாண்டிக் குதித்துப் பின்பக்கம் சுழன்று அடிக்கும், பாதிக்குப் பாதி இடைவெளி உள்ள வேலிதான் காற்றின் வேகத்தைத் தணிக்கும், உயரத்தைப் போல் சுமார் பத்து மடங்கு தூரம் வரை மறைவு கிடைக்கும் என்று மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். இப்போது 2 மீட்டர் உயரத்தில் முடைந்த வேலி, அதை ஒட்டிப் புதர்ச்செடி. உள்ளே தள்ளி நெருப்பு வட்டம். முன்பெல்லாம் நெருப்பு மூட்டினால் பாதிப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருப்போம், நேற்று இரவு ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

தகரத்துக்குச் சாதாரணத் திருகாணி போதும் என்று மிச்சம் பிடிக்கப் பார்த்த என்னைத் திட்டியவருக்கும் நன்றி. உப்புக் காற்றில் அது துருப்பிடித்துத் தலை உதிர்ந்துவிடும், கடலோரத்துக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் என்று பிடிவாதமாக நின்று, வாங்கியும் வந்தார். மழைநீர்த் தொட்டி வைத்த குழு தனி. கூடத்துக் கூரை 60 சதுர மீட்டர், 10 மில்லிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 600 லிட்டர். கூரையில் படிந்த உப்பும் பறவை எச்சமும் கலந்த முதல் தண்ணீரைத் தனியாக வடித்துவிட ஒரு குழாயும் வைத்திருக்கிறார்கள். தீவில் நன்னீர், உப்புநீருக்கு மேல் மிதக்கிற மெல்லிய அடுக்குதான். கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும் என்பதால் இந்தத் தொட்டி எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம், பெரிய மரத்தடியில் மேடை கட்டாமல் விட்டவர்களுக்கும் நன்றி சொல்லவேண்டும். சிமென்ட் மூட்டை இறங்கிவிட்டது, ஆளும் தயார். வேர்மேல் மண்ணை இறுக்கினால் மரத்துக்கு மூச்சு முட்டும் என்று ஒரு பையன் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டு மூட்டைகளைத் திரும்பப் படகில் ஏற்றினீர்களே, அது லேசான காரியம் இல்லை. அங்கே இப்போதும் வெறும் தரைதான். மதியம் வெயிலுக்கு அங்கே போய் விழுந்து கிடக்கிறோம்.

பணம் அனுப்பியவர்களின் பெயர்களைப் போடவேண்டாம் என்று நீங்களே சொன்னதால் போடவில்லை. கணக்கு நோட்டு கரும்பலகைக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது, வருபவர்கள் புரட்டிப் பார்க்கலாம்.

கடைசி நாள் வேலைக்கு வந்தவர்களில் யாரோ ஒருவர் படிக்கிற கண்ணாடியை மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறீர்கள். ஒரு பக்கக் காம்பில் நூல் சுற்றியிருக்கிறது. உங்களுடையது என்றால் சொல்லுங்கள், அடுத்த படகில் கொடுத்தனுப்புகிறோம். நேரில் வந்து வாங்கிக்கொண்டாலும் சரிதான், மேசையில் இடம் இருக்கிறது.