பேஸ்ட்டை அள்ளி அப்பினால் மேனிஃபோல்டு கசியாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கார் எஞ்சின்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்த் தொகுப்பு) மாட்டும் வேலையை, பேஸ்ட்டை அள்ளி அப்பினால் கசியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறவன் நான். அந்த வரியை மட்டும் நம்பி யாரும் எஞ்சினைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

1955-இல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் வி8 வகையையே எடுத்துக்கொள்வோம். சிலிண்டர்களின் மேல்மூடியான இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவே மேனிஃபோல்டு ஆப்பு போல உட்காருகிறது. மேலே வெளிக்காற்று, கீழே வால்வைத் தூக்கும் லிஃப்டர்கள் ஓடும் எண்ணெய்ப் பள்ளம், மூலைகளில் கூலன்ட். எல்லாவற்றையும் பிரித்து வைப்பது மெல்லிய பேக்கிங்தான். அது மேல் விளிம்பில் விட்டுப்போனால் காற்று இழுக்கும், ஐட்லிங் நிற்காது. மூலையில் விட்டால் கூலன்ட் எண்ணெயில் இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும்.

கீழ் விளிம்பில் விட்டால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். எண்ணெய், ஹெட்டுக்குள் காற்று போகும் வழியான போர்ட்டுக்குள் உறிஞ்சப்பட்டு நீலப் புகையாக வரும். ஒருமுறை நானே அதை பிஸ்டன் ரிங் தேய்மானம் என்று நினைத்து முழு எஞ்சினையும் பிரித்துவிட்டேன். ரிங் நன்றாக இருந்தது. முன்பு எப்போதோ ஹெட்டை அளவுக்கு மேல் சீவியிருந்ததால் மேனிஃபோல்டு மேலே ஏறி, சரியாகப் படியாமல் உட்கார்ந்திருக்கிறது. கழற்றிய பேக்கிங்கின் கீழ் விளிம்பில் அழுந்திய தடமே இல்லை. வண்டிக்காரருக்கு வீண் செலவு வைத்தது இன்னும் மனதை உறுத்துகிறது.

அதற்கப்புறம் பேஸ்ட் இல்லாமல் ஒருமுறை வெறுமனே உட்கார வைத்துப் பார்க்காமல் நான் மாட்டுவதே இல்லை. போல்ட்டுகள் கையாலேயே இறங்க வேண்டும். நான்கு மூலையிலும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு தடிமனில் பேக்கிங் தேட வேண்டும், அல்லது மேனிஃபோல்டைச் சீவக் கொடுக்க வேண்டும். பேஸ்ட் அந்தக் கோணலைச் சரிசெய்யாது.

மேனிஃபோல்டின் முன்னும் பின்னும் வைக்கும் கார்க் பட்டையை நான் பயன்படுத்துவதில்லை. இறுக்கும்போது நழுவி வெளியே வந்துவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் சிலிக்கான் பேஸ்ட்டை சுமார் 6 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரே கோடாக இழுத்து, மூலையில் பேக்கிங் மேலும் கொஞ்சம் ஏற்றிவிடுவேன். கூலன்ட் துளைகளைச் சுற்றி மெல்லிய பூச்சு போதும். போர்ட்டைச் சுற்றித் தடவவே கூடாது. பெட்ரோல் பட்டால் சிலிக்கான் ஊறிக் கெட்டுவிடும். அதிகமாக அப்பினால் உள்ளே பிதுங்கியது உதிர்ந்து அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழும், ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும்.

தலை அறுத்த இரண்டு போல்ட்டுகளை வழிகாட்டியாக ஹெட்டில் நிறுத்தி, மேனிஃபோல்டை நேராக இறக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்து பேஸ்ட் இழுபட்டுவிட்டால், சிரமம் பார்க்காமல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பியுங்கள். 12 போல்ட்டுகளையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாற்றி மாற்றி, மூன்று சுற்றாக இறுக்கி 30 அடி-பவுண்ட் இறுக்கத்தில் நிறுத்த வேண்டும். மற்ற எஞ்சின்களுக்கு அவற்றின் மேனுவல் சொல்லும் அளவுதான். உள்ளே திறக்கும் துளைகளில் போகும் போல்ட் மரைக்கும் சீலன்ட் வேண்டும். இரவு முழுக்கக் காயவிட்டு, அப்புறம் கூலன்ட் ஊற்றுங்கள். எஞ்சின் ஒருமுறை சூடாகி ஆறியதும் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.

நீலப் புகை வருகிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. எஞ்சினை இறக்கும் முன், பிசிவி குழாயைக் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோவது) கழற்றி அதன் இரண்டு முனைகளையும் அடைத்துவிடுங்கள். எஞ்சின் மூச்சுவிடும் மற்ற பிரீதர் துளைகளையும் மூடி, ஐட்லிங்கில் ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையை உள்ளே இழுத்தால் கசிவு மேனிஃபோல்டின் கீழ் விளிம்பில்தான்; ரிங்கைத் தொடாதீர்கள், மேனிஃபோல்டைக் கழற்றுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக் ஒருவர்