பேய் ஊர் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வழி செய்யுங்கள்

தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்கு,

வணக்கம். நான் ராயபுரத்துக்காரி. மே மாத லீவு நெருங்கினால் எங்கள் வீட்டில் ஊட்டி, கொடைக்கானல் பேச்சே எழாது. "இந்தத் தடவை எந்தப் பேய் ஊரும்மா?" என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். பாழடைந்த கோட்டை, ஆள் இல்லாத ஊர், பழைய கல்லறைத் தோட்டம் என்று தேடி எழுதிவைத்து, சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் ரயில் டிக்கெட் எடுப்போம். நல்லா பயந்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இது எங்கள் ஆயா கொடுத்த ஆசை. உச்சி வெயிலில் முனி நடமாடும், தனியாகப் போகாதே என்று சொல்லும். ஆனால் மாசி மாதம் மயானக் கொள்ளை வந்துவிட்டால் அதே ஆயா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அங்காளம்மன் பின்னாலேயே சுடுகாடு வரைக்கும் போகும். காளி வேஷம் கட்டியவர் பக்கத்தில் வந்தால் நான் ஆயா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். சூறை விடும்போது மட்டும் இறங்கி ஓடுவேன். பயமும் பக்தியும் திருவிழாவும் எங்கள் பக்கத்தில் ஒன்றாகத்தான் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராஜஸ்தானில் பான்கர் கோட்டைக்குப் போனோம். இளவரசி ரத்னாவதி மேல் ஆசை வைத்த மந்திரவாதி, அவளுக்குப் போகும் வாசனைத் தைலத்தில் மந்திரம் போட்டான். விஷயம் தெரிந்து அவள் அதைப் பாறையில் கொட்ட, பாறையே உருண்டு வந்து அவனை நசுக்கியது. சாகும்போது அவன் விட்ட சாபத்தில் ஊர் அழிந்ததாம். பொழுது சாய்ந்த பிறகு உள்ளே இருக்கக் கூடாது என்று தொல்லியல் துறை அங்கே போர்டு வைத்திருக்கிறது. அதில் பேய் என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் அந்த ஒரு போர்டையும் ஒரு கதையையும் நம்பி நாடு முழுக்க இருந்து ஜனம் வருகிறது.

சரி, நம் பக்கத்துக்கு வருகிறேன்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தால் பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல். போன மார்கழியில் என் சின்னவன் அந்த எலும்புக்கூட்டின் விலாவில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினான். உள்ளே 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள். டச்சு எழுத்தும் குலச் சின்னமும் அப்படியே துலக்கமாக இருக்கின்றன. எங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. ஏரிக் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. பான்கரில் வராத சிலிர்ப்பு எனக்கு அங்கே வந்தது.

அந்தச் சிலிர்ப்புக்குக் காரணம் எலும்புக்கூடு மட்டும் இல்லை. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே ஹெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணி வியாபாரம் செய்தார்கள். துணியோடு மனிதர்களையும் விற்றார்கள். பஞ்ச காலத்தில் வயிற்றுக்கு இல்லாமல் விலைபோன நம் ஜனங்களை அங்கிருந்து கப்பலேற்றி, இன்றைக்கு ஜகார்த்தா என்கிற பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். வியாபாரிக்குக் குலச் சின்னத்தோடு கல்லறை இருக்கிறது. கப்பலேறிப் போனவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. பேய்க்கதை சொல்வதென்றால் இதைத்தான் அங்கே சொல்லவேண்டும். சொல்ல ஆள் இல்லை.

சொல்ல ஆள் இருக்கிற இடத்தில் நடந்ததையும் கேளுங்கள். ஒரு தனியார் வேன் டூரில் தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பாம்பன் பாசஞ்சர் ரயிலே கடலோடு போன இடம் அது. இடிந்த சர்ச் சுவர் பக்கத்தில் எங்களை நிற்க வைத்து, "ராத்திரியில் இங்கே அழுகுரல் கேட்கும்" என்று மைக்கில் சொன்ன கைடு, செல்போனிலிருந்து ஒரு அழுகைச் சத்தத்தையும் போட்டுவிட்டார். வேனில் வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்தில் பாசிமாலை விற்ற அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாலைகளைக் கூடையில் அள்ளிப் போட்டார். என் பெரிய மகள் அவரிடம் போய் உட்கார்ந்தாள். புயலின்போது அவருக்கு ஏழு வயசாம். "அவர் சொல்ற பேயில எங்க அண்ணனும் ஒண்ணு பாப்பா" என்றார். அந்த லீவு முழுக்க எனக்கு அந்தக் கூடைதான் கண்ணில் நின்றது.

அதனால் கேட்கிறேன். பேய் ஊர்களைப் பார்க்க மக்கள் போகத்தான் போகிறார்கள். நீங்கள் அதை நடத்துங்கள். பழவேற்காட்டிலிருந்தே தொடங்கலாம். தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் இருபது பேருக்கு ஒரு நடை போதும். கதை சொல்ல அந்த ஊர் மீனவக் குடும்பத்துப் பெண்களையும் பெரியவர்களையும் வையுங்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். பான்கர் மந்திரவாதி கதை மாதிரி ஏதாவது இருந்தால் அதைக் கதை என்றே சொல்லட்டும், நடந்ததை நடந்தது என்று சொல்லட்டும். அப்புறம், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும், பொன்னேரிக்குத் திரும்ப ஒரு பஸ்ஸும் கட்டாயம் வேண்டும். இவை இல்லாமல் குடும்பத்தோடு சாயங்காலம் யாரும் வரமாட்டார்கள்.

தனுஷ்கோடியில் ஒலிபெருக்கியும் ஒப்பாரிச் சத்தமும் கூடாது என்று டூர் வேன்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்த ஊர்க்காரர்கள் பேசச் சம்மதித்தால் அவர்களையே பேச விடுங்கள். 2017-லிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு இருக்கிறது. வருகிற கூட்டம் இனிக் குறையாது.

பிள்ளைகள் இப்போதே அடுத்த லீவுக்கு லிஸ்ட் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். முதல் வரியில் பழவேற்காடு என்று எழுதி, பக்கத்தில் "ராத்திரி விடுவாங்களா?" என்று கேள்வி போட்டிருக்கிறான் சின்னவன். நீங்கள் நடை தொடங்குகிற அன்றைக்கு முதல் நாலு டிக்கெட் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து,
இரண்டு பிள்ளைகளின் அம்மா