கைபேசி, கணினி திருத்தும் கடைக்காரர் குழு: அறிவிப்பு

பரந்தன் முதல் முல்லைத்தீவு வரை கடை வைத்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை (மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதை) மைக்ரோசாப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. பழைய மடிக்கணினியைத் திருத்தக் கொண்டுவருபவரிடம் இதைச் சொல்லாமல் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

ஆண்ட்ரொய்ட் கைபேசியென்றால், அமைப்புகளுக்குள் சென்று கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் திகதியைப் பாருங்கள். கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அறிக்கை வெளியிட்டாலும், பழைய மாதிரிகளுக்குத் திருத்தம் அனுப்புவதைத் தயாரிப்பாளர்கள் சில ஆண்டுகளில் விட்டுவிடுகிறார்கள். திகதி ஓராண்டு பின்தங்கியிருந்தால், புதுத் திரை போட்டுக் கொடுத்தாலும் அதில் வங்கிச் செயலி வேண்டாம் என்றே நான் சொல்வேன். வியாபாரம் கெடும் என்று முணுமுணுக்கிறீர்கள், கெடட்டும்.

வங்கியின் பெயரில் வரும் ஏபிகே கோப்புகளை (ஆண்ட்ரொய்ட் கைபேசியில் செயலியை நிறுவும் கோப்புகளை)ச் சோதிப்பதற்கென்றாலும் இங்கே பகிர வேண்டாம். கணினி, இணையப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் இலங்கை செர்ட் அமைப்பின் 101 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.