நூலக வாசகர் வட்டம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நூலகர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக முன்வைப்பார். இவ்வறிக்கை நூலகத்தில் நடந்த வேலைகளைப் பற்றியது. அவற்றில் பெரும்பகுதி ஈரத்தோடு நடந்த போராட்டம்.

மாரியும் நூல்களும்

ஐப்பசி தொடக்கம் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்துவிடும். சாரீரப்பதன் (காற்றிலுள்ள ஈரத்தின் அளவு) 65 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்காக நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் சுவரோடு ஒட்டியிருந்த அலுமாரிகளை 5 சென்ரிமீற்றர் முன்னே நகர்த்தினோம். அடித்தட்டு நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும். ஒழுக்கு நீர் முதலில் அங்குதான் வரும். குளிரூட்டியைப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவது நல்லதல்ல. குளிர்ந்த நூல்களின் மேல் ஈரக்காற்று படிந்து, குளிரூட்டி இல்லாத அறையை விட மோசமாகிவிடும். தொடர்ந்து ஓட்ட முடியாவிட்டால் மின்விசிறியும் திறந்த யன்னலும் போதும், மழை நேரம் தவிர.

நனைந்த நூலை 48 மணித்தியாலத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும். வெயிலில் போட்டால் மட்டை வளைந்துவிடும். நூலை நிமிர்த்தி, தாள்களை விசிறிபோல விரித்து, ஏறக்குறைய 20 தாளுக்கு ஒருமுறை உறிஞ்சித்தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வழவழப்புத் தாளில் அச்சான நூல்களுக்கு இது போதாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளையும் பிரித்து வைக்காவிட்டால் பலகைபோல ஒட்டிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. நேரம் இல்லையென்றால் பொலித்தீனில் சுற்றி உறைகுளிர்ப் பெட்டியில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம். பூஞ்சணத்தை ஈரத்தில் துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து இறங்கும். உலர்ந்த பின், முகக்கவசம் அணிந்து, வெளியில் வைத்து மென்தூரிகையால் தட்ட வேண்டும்.

கிழிந்த பக்கங்களுக்கு செலோரேப் ஒட்ட வேண்டாம் என்று அங்கத்தவர்களை மன்றாடிக் கேட்கிறோம். சில ஆண்டுகளில் பசை பழுப்பாகி எழுத்தையே மறைத்துவிடும். ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு நீர் விட்டுக் காய்ச்சிய பசையும் வெள்ளை மென்தாளும் போதும். கிழிந்த நூலை அப்படியே தாருங்கள், நாங்கள் ஒட்டுகிறோம்.

பட்டியல்

பழைய கணினிப் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஆகவே யூனிகோட்டில் தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது. மாற்றி மென்பொருளால் மாற்றினோம். அதன் பின்னும் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது: 'ஔ'வை 'ஒ'வும் 'ள'வுமாகத் தட்டிய இடங்கள், கொம்பும் காலும் தனித்தனியாக விழுந்த 'ொ', 'ோ' ஆகியவை தேடலில் தப்பிவிடும். நூலாசிரியரின் தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னே கொண்டுபோனோம். இல்லையென்றால் ஒரே எழுத்தாளர் பட்டியலில் இரண்டு இடத்தில் வருவார். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூவி (Dewey) பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811இல் இருக்கிறது. சைவ நூல்கள் 294.5இலும் இஸ்லாமிய நூல்கள் 297இலும் இருக்கும்.

வர்த்தமானி

வெள்ளிக்கிழமைகளில் அரச வர்த்தமானியில் வேலைவாய்ப்புத் தேடி வரும் இளைஞர்களே அதிகம். அவர்கள் பார்க்க வேண்டியது முதலாம் பகுதியின் 2அ தொகுதி. அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் தமிழில் எடுக்கலாம். விண்ணப்ப முடிவுத் திகதியை முதலில் பாருங்கள்.

ஊர்த் தொகுப்பு

1895இல் வெளியான 'மோகனாங்கி' நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம் ஊரவர். அப்படியான மண்ணின் எழுத்து சிதறிக் கிடப்பது பெருங்குறை. கோயில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்கள்) எல்லாவற்றையும் வாங்கிச் சேர்க்கிறோம். கல்வெட்டில்தான் பல குடும்பங்களின் வம்சாவளி எழுத்தில் இருக்கிறது. கடற்காற்றில் கம்பித் தையல் துருவேறித் தாளை அரிப்பதால், கம்பியைக் கழற்றி நூலால் தைக்கிறோம். ஸ்கேன் செய்வது அங்குலத்துக்கு 300 புள்ளி, சிறிய எழுத்தென்றால் 400. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. அதனால் நூலைத் தரும்போதே உரிமையாளரின் எழுத்து மூலச் சம்மதத்தையும் வாங்குகிறோம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய எண்ணிம நூலகத்தில் ஏற்கெனவே உள்ளவற்றை மீண்டும் ஸ்கேன் செய்வதில்லை.

பழைய பாடத்திட்ட வழிகாட்டி நூல்களைத் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். மாணவர் பிழையாகப் படிக்க நேரும். க.பொ.த. கடந்தகால வினாத்தாள்களுக்கு எப்போதும் இடமுண்டு. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்துக்கு முன்பே கூரைப் பீலிகளைத் துப்பரவாக்கி, ஓட்டு ஒழுக்கை அடைத்துவிட வேண்டும். கச்சான் வீசும் உலர்ந்த மாதங்களில் இதைச் செய்ய, ஏணியில் ஏறக்கூடிய அங்கத்தவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் தந்து செல்லவும்.

செயலாளர்