வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தோட்டங்களைப் பற்றிய உங்கள் புதிய பாடம் அடிமைகளை வயலில் மட்டுமே நிறுத்துகிறது. இது குறித்து முன்பு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராததால் பொதுவெளியில் எழுதுகிறேன். அடிமைக் கொல்லர்களையும் அந்தப் பாடத்தில் சேருங்கள்.

வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களுக்குக் களைக்கொட்டும் கோடரியும் லாடமும் வேண்டியிருந்தன. இங்கிலாந்திலிருந்து வந்தவை போக, அங்கேயே அடித்தும் செப்பனிட்டும் கொடுத்தவர்களில் பலர் அடிமைகள். இது நீங்கள் அறியாததல்ல.

இங்கிலாந்திடமிருந்து அமெரிக்கா விடுதலை பெற்ற பிறகும் அடிமைகளின் நிலை மாறவில்லை. 1794-இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன், வர்ஜீனியாவிலிருந்த தம் மாண்டிசெல்லோ தோட்டத்தில் ஆணிப் பட்டறை தொடங்கினார். அங்கே உலைச்சூட்டில் நாளெல்லாம் சம்மட்டி பிடித்தவர்கள் 10 முதல் 16 வயது வரையிலான அடிமைச் சிறுவர்கள். கொடுத்த இரும்புக் கம்பியையும் திரும்பி வந்த ஆணியையும் நிறுத்துப் பார்த்து, எவன் எவ்வளவு சேதாரம் செய்தான் என்று பெயர் வாரியாக ஜெஃபர்சனே கணக்கெழுதினார். பத்து வயதுப் பிள்ளை வீணாக்கிய இரும்புக்கு ஏடு இருந்தது. அவன் இழந்த பிள்ளைப் பருவத்துக்கு எந்த ஏடும் இல்லை. அந்தப் பட்டறையை மேற்பார்த்த கொல்லர் ஜார்ஜ் கிரேஞ்சர், லாபத்தில் ஒரு பங்கு பெற்றும் 1799-இல் அடிமையாகவே இறந்தார்.

உங்கள் பாடத்தில் ஜெஃபர்சனின் மாளிகைக்குப் படம் இருக்கிறது, அவருடைய கட்டடக்கலை அறிவுக்குப் பாராட்டும் இருக்கிறது. ஆணி அடித்த சிறுவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. கட்டியவனை மறந்து கட்டச் சொன்னவனை மட்டும் எழுதும் வழக்கம் நம் கோயில், அணை வரலாறுகளிலும் ஊறிக் கிடக்கிறது என்பது என் நெடுநாள் வேதனை. அதை விரிக்க இது இடமல்ல.

1800-இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகருக்கு அருகே அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டுத் தூக்கிலிடப்பட்ட அடிமை கேப்ரியலைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அவர் எழுதப் படிக்கத் தெரிந்த கொல்லர் என்பதையும், புல்லரியும் நீள் அரிவாள்களின் அலகுகளை வாள்களாக்கியே அந்தக் கிளர்ச்சிக்கு ஆயுதம் சேர்த்தார்கள் என்பதையும் விட்டுவிட்டீர்கள். தொழிலை நீக்கிவிட்டால் அவர் எப்படி அதற்குத் துணிந்தார் என்பது மாணவருக்கு விளங்காது.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் அடிமைக் கொல்லர்களைப் பற்றி ஒரு பத்தியேனும் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இயலாதெனில், காரணத்தையாவது எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியர்