செய்ததற்கும், செய்யாமல் விட்டதற்கும் நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

மரத்தடியில் நடந்த ஓவிய வகுப்புகள் இந்த ஆண்டுக்கு நிறைவு பெற்றன. உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் பெயர் சொல்லாமலே நன்றி சொல்கிறோம். யார் யாரென்று உங்களுக்கே தெரியும்.

முதலில் தாவரவியல் ஆசிரியைக்கு. எந்தப் பிள்ளை செடியின் பெயர் கேட்டாலும், "வரைந்துவிட்டு வா, சொல்கிறேன்" என்பார். சிலருக்குக் கோபமே வந்தது. ஆனால் பெயர் தெரிந்த மறுநொடி பார்ப்பதை நிறுத்திவிடும் பழக்கம் பெரியவர்களான நமக்கும் இருக்கிறதே! வரைய உட்கார்ந்த பிறகுதான், இலைகள் தண்டில் எதிரெதிரே இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்ற கேள்வியே அவர்களுக்கு எழுந்தது. பூச்சிகளை ஆராய்ந்து வரைந்த ஜெர்மன் ஓவியர் மரியா சிபில்லா மேரியனைப் பற்றிச் சொன்னதும் இவர்தான். 1699-இல், 52 வயதில், மகளோடு தென் அமெரிக்காவின் சூரிநாமுக்குக் கப்பலேறியவர். புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் புழு தின்னும் செடியோடு சேர்த்து ஒரே தாளில் வரைந்தவர். அதைக் கேட்டபின் பூச்சியை மட்டும் வரைந்திருந்த பிள்ளைகள், யாரும் சொல்லாமலே கீழே செடியையும் சேர்த்தார்கள். உணவுச் சங்கிலி என்று தலைப்புப் போட்டு நாங்கள் நடத்தியிருந்தால் இத்தனை சீக்கிரம் புரிந்திருக்குமா, சந்தேகம்தான்.

ஓவிய ஆசிரியர் ஒரு படத்தைக்கூட "அழகாக இருக்கிறது" என்று சொல்லவில்லை. "இந்த ஓட்டையைப் போட்டது யார்?" என்றுதான் கேட்டார். அதோடு குறையில்லாத இலையைத் தேடுவது நின்றது. பூச்சி கடித்தது, புள்ளி விழுந்தது, பாதி பழுத்தது ஆகியவற்றுக்குத்தான் போட்டி. பிள்ளைகளிடமிருந்து அழிரப்பர்களை அவர் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டதற்கும் சேர்த்து நன்றி.

எங்களைக் கேட்டால் மிகப் பெரிய உதவி துப்புரவுப் பணியாளர்களுடையது. ஒரு மூலையில் மட்டும் சருகைப் பெருக்காமல் விடச் சொன்னோம். குப்பை கிடந்தால் அவர்களைத்தான் எல்லோரும் கேட்பார்கள், தெரிந்தும் விட்டார்கள். அந்தச் சருகுக்கு அடியில் மரவட்டை, வெள்ளைப் பூஞ்சை இழை, சதையெல்லாம் மட்கி நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள். அவற்றின்மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நரம்புப் பின்னல் அப்படியே தாளில் ஏறிவிடும். பெருக்கியிருந்தால் இதில் எதுவும் கிடைத்திருக்காது.

வண்ணங்களுக்காக மண்ணைக் காயவைத்து, இடித்து, துணியில் சலித்துத் தந்த அண்ணனுக்கு முதுகுவலி இன்னும் போகவில்லையாம். இரும்பு ஆக்சைடு தந்த சிவப்பும் மட்கு தந்த கருமையும் பிசினில் குழைத்தவுடன் தாளில் நன்றாகவே பிடித்தன.

ஆய்வகப் பொறுப்பாளர் இல்லையென்றால் நீல அச்சு இல்லை. ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த முறை அது. இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளில் இலையை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலச வேண்டும். புற ஊதா பட்ட இடம் நீலமாகும், இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். மருந்தைப் பிள்ளைகள் தொடவிடாமல், கையுறை போட்டு எல்லாத் தாளுக்கும் அவரே பூசினார். தடித்த இலை வெறும் உருவமாகவும், மெல்லிய இலை உள்நரம்போடும் பதிந்ததைக் கண்டு பிள்ளைகள் தாங்களே இலைகளை இரண்டு கட்டாகப் பிரித்தார்கள். அந்தப் பாடத்தை நாங்கள் திட்டமிடவே இல்லை.

இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து ஒதுக்கித் தந்த தலைமையாசிரியருக்கும், கறை படிந்த சட்டைகளுக்காகச் சண்டைக்கு வராத பெற்றோருக்கும் நன்றி. பிள்ளையின் படத்தை வாங்கித் தாங்களே முடித்துத் தராமல் தள்ளி நின்றதற்கு இன்னொரு நன்றி; அது எளிதல்ல, சிலருடைய கை பரபரத்ததைப் பார்த்தோம்.

நோட்டுகள் வீட்டுக்கு வருகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், வானிலை எழுதியிருக்கிறது. தயவுசெய்து பழைய தாளோடு போட்டுவிடாதீர்கள்; அடுத்த ஆண்டு அதே மரங்களை மீண்டும் வரைந்து ஒப்பிட அவை வேண்டும். மண் சலிக்கவும் கூடுதலாக ஆள் வேண்டும், வர முடிந்தவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஒருங்கிணைப்புக் குழுவினர்